நீலமாகவே நின்ற சீவல்

முதலில் சத்தியம் செய்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நீங்கள் கேட்காமலே நான் சத்தியம் செய்வதற்குக் காரணம் உண்டு. வெளியே ஆஸ்பத்திரி வராந்தாவில் போகும் யாரை நிறுத்திக் கேட்டாலும், "அந்தக் கிழவரா? நல்லா கதை விடுவாரே" என்றுதான் சொல்வார்கள். அது சரிதான். நான் கதை விடுவேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் விடுவேன். நான் ஒருமுறை வெட்டிய சீவல் எவ்வளவு மெல்லியதென்றால், அதற்கு ஒரு பக்கம்தான் இருந்தது என்று புதிதாக வந்த ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மதியம் திரும்பி வந்து, "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார்.

இது அந்த ரகம் இல்லை. இது நான் என் மனைவிக்குச் செய்தது. விசாரிக்க ஆள் அனுப்புங்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் நானே கேட்டுக்கொண்டதால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக உங்கள் பக்கம்தான் கேள்வி கேட்கும். இன்றைக்கு நீங்கள் டீ குடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அதை மெழுகில் வைத்துக் கட்டியாக்குவது ஒரு அம்மாள். எல்லோரும் அவளை மெழுகக்கா என்று கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். அந்தக் கட்டியை வெட்டும் கருவியில் மாட்டிச் சீவுவது நான். சீவல் வெங்காயத் தோலைவிட மெல்லியது. வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டால் சுருக்கம் பிரிந்து விரியும். அப்போது கீழிருந்து ஒரு கண்ணாடித் தகட்டைக் கொடுத்து ஏந்தி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மூச்சு விடக் கூடாது. விட்டால் போயிற்று. வாழ்நாளில் பாதியை நான் மூச்சை அடக்கியே கழித்திருக்கிறேன். அதனால் எனக்கு ஆயுள் இரட்டிப்பு என்று என் மனைவியிடம் சொல்வேன். "மிச்சம் பிடிச்ச மூச்செல்லாம் வீட்டுல வந்து பேசியே தீத்துடறீங்களே" என்பாள்.

அப்புறம் சாயம். எல்லாச் சீவலுக்கும் போடும் சாதாரணச் சாயம் அல்ல. நம் உடம்பில் காவல்கார உயிரணுக்கள் இருக்கின்றன. வேண்டாதவன் யாராவது நுழைந்தால் பிடித்து முடித்துவிடும். புற்று சில சமயம் தன் மேல் ஒரு புரதத்தை மாட்டிக்கொண்டு நிற்கும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குச் சொந்தமான புரதம்தான் அது. காவல்காரன் வந்து அதைப் பார்ப்பான், நம்ம ஆள்தான் என்று போய்விடுவான். அழைக்காத விருந்துக்கு வந்தவன் தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு பரிமாற ஆரம்பித்தால் யார் அவனை வெளியே போகச் சொல்வார்கள்? அப்படித்தான். இந்த வேஷத்தைக் கலைக்க ஒரு மருந்து இருக்கிறது. வேஷம் போட்ட புற்றுக்கு அது நன்றாகக் கேட்கும். வேஷம் போடாத புற்றுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால், அவிழ்த்துவிட்ட காவல்காரர்களுக்கு வேலை இருக்காது. சில சமயம் வீட்டுக்காரர்களையே கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆகவே மருந்துக்கு முன் சோதனை. அதற்கு ஒரு ஆன்டிபாடி. மோனோகுளோனல் என்று அதற்கு அடைமொழி. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு உயிரணுவின் வாரிசுகள் மட்டும் சேர்ந்து செய்தது, அதனால் அத்தனையும் ஒரே அச்சு, ஒரே குணம். தனக்கென்று விதித்த புரதத்தில் போய் உட்காரும். பக்கத்தில் நிற்பதைத் திரும்பியும் பார்க்காது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் இப்படித்தான், தன் நாற்காலியில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆன்டிபாடி உட்கார்ந்த இடம் பழுப்பாகும். உட்காராத இடமெல்லாம் நீலம்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடியிலும் மேல் ஓரத்தில் ஒரு டான்சில் துண்டையும் சேர்த்து வைப்போம். யாரோ ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து எடுத்து எறிந்த சதை. அதில் அந்தப் புரதம் இருப்பது ஏற்கெனவே தெரியும். அது பழுப்பாகவில்லை என்றால் சோதனையே தோற்றது என்று அர்த்தம். கீழே இருக்கும் நோயாளியின் சீவலைப் பார்க்கவே கூடாது. டான்சில் பழுப்பாகிவிட்டால், கீழே இருப்பது என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் தொழிலில் ஈவிரக்கமில்லாத இடம் அதுதான்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். நான் கதை விட ஆரம்பித்தால், "கொஞ்சம் லைன்லயே இருங்க, உண்மைய கனெக்ட் பண்றேன்" என்பாள். இருமல்தான் முதலில் வந்தது. எக்ஸ்சேஞ்சின் ஏசிக் குளிர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது என்று அவள் சொன்னாள். நானும் அதையே வசதியாக நம்பிக்கொண்டேன். நுரையீரலில் புற்று. முதல் மருந்தில் முடி கொட்டியது. "சீப்புச் செலவு மிச்சம், எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றாள். ஆனால் அந்த மருந்து கொடுத்த பிறகு எடுத்த படத்தில் புற்று இன்னும் வளர்ந்திருந்தது.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. ஆற்றோரத்தில் ஒரு ஊரில் இருந்தாள். அம்மா விட்டுப்போன தையல் மெஷின் யாருக்கு என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோய்க் காலம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்குமே தைக்கத் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் தங்கைதான் முதலில் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அக்கா, இங்க வந்துடு. மாடி ரூம் காலியா இருக்கு. ஜன்னலத் தொறந்தா தண்ணிதான்."

"மெஷின் எங்க இருக்கு?"

"கட்டிலுக்கு அடியில. துருப்பிடிச்சுக் கெடக்கு."

"என் வாயும்தான். சண்டை போட ஆளில்லாம."

இருவரும் சிரித்தார்கள். லைனைத் துண்டிக்க இருவருக்குமே மனம் வரவில்லை. அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நீங்க வேலைய விட்டுட்டு வர வேணாம். லீவு நாள்ல வந்து பாருங்க. நான் அங்க போய் இருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. சாமான் வாங்கும் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னாள். கல்யாணமான நாள் முதல் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள், போகிற காலத்தைத் தங்கையோடு கழிக்கிறேன் என்று சொல்கிறாள். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான ஆசை என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மருந்து கொடுக்கும் டாக்டர் நல்ல மனிதர். எதையும் முடிக்காமல் பேசுவார்.

"இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கும்மா. அது பழுப்பா வந்தா புது மருந்து குடுக்கலாம். வரலன்னா..."

"வரலன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன் டாக்டர். ஆத்தோரம். நீங்களும் ஒருநாள் வாங்க."

லிஃப்டில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பொதுவில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை.

"உங்க ஆய்வகத்துலதானே பாப்பாங்க?"

"ஆமா."

"யாரு பாப்பாங்க?"

"யாராவது."

"நீங்கதான் பாப்பீங்க, எனக்குத் தெரியாதா. வரலன்னா வரலன்னு சொல்லிடணும். என்கிட்ட கதை விடக் கூடாது."

"விட மாட்டேன்."

சொந்தக்காரர்களின் துண்டைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத விதி. எழுதியிருந்தாலும் நான் தொட்டிருப்பேன். கட்டி என் மேஜைக்கு வந்தபோது மெழுகக்கா கூடவே வந்தாள்.

"சார், இத குடுங்க, நான் வெட்டறேன். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"நீங்க வெட்டினா போர்வை மாதிரி வரும். மடிச்சு அலமாரில வைக்கலாம்."

"கிண்டலு. சார், நிஜமாத்தான் சொல்றேன். கை நடுங்கும்."

"எந்தக் கை?" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். நடுங்கவில்லை. அவள் போய்விட்டாள். நல்லவர்களை ஏமாற்றுவதற்கு ஒரு நகைச்சுவை போதும்.

கட்டிக்குள் இருந்தது அரிசிமணி அளவு சதை. மெழுகு வழியாகப் பார்க்கும்போது கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. கருவியின் சக்கரத்தைச் சுற்றினேன், முதல் சீவல் வந்தது, தூரிகை நுனியால் எடுத்து வெந்நீரில் விட்டேன். சுருங்கிக் கிடந்தது மெல்ல விரிந்தது. காலையில் அவள் கட்டில் விரிப்பை ஒரு உதறு உதறிப் போடுவாள், அது காற்றில் நின்று நிதானமாக இறங்கும். அந்த மாதிரி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியைக் கொடுத்து ஏந்தினேன். என் வாழ்நாளில் நான் எடுத்த சீவல்களிலேயே அதுதான் குறையில்லாதது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை.

சூடு காட்டினேன், கழுவினேன், ஆன்டிபாடியை விட்டுக் காத்திருந்தேன், மறுபடி கழுவினேன், நிறத்தை விட்டேன். மேலே டான்சில் பழுப்பாக எழும்பி வந்தது; காபிக் கறை மாதிரி, எங்கே வர வேண்டுமோ அங்கே, எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு. கீழே என் மனைவி நீலமாக இருந்தாள்.

திரும்பவும் செய்தேன். புதிய சீவல், புதிய சொட்டு. டான்சில் பழுப்பு. அவள் நீலம். நுண்ணோக்கியில் மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு அணுவாவது, விளிம்பில் ஒரு நூலளவாவது கறை பிடித்திருக்காதா என்று தேடினேன். நீலம் என்றால் அப்படி ஒரு சுத்தமான நீலம். அந்தக் குழந்தையின் டான்சில் மீது எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் விளக்க முடியாது. அது பழுப்பாகாமல் இருந்திருந்தால் சோதனை தவறு என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அலமாரியில் ஒரு பழைய மெழுகுக் கட்டி உண்டு. அது ஒரு பஸ் டிரைவருடையது. நுரையீரலில் அதே இனத்துப் புற்று. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவருடைய துண்டு முழுக்கப் பழுப்பாகும் என்பதால், புதிய ஆன்டிபாடிக் குப்பி வரும்போதெல்லாம் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அவரைத்தான் வெட்டுவோம். "டிரைவர் வந்துட்டாரு, வண்டி எடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வெட்டுவேன். அன்றைக்கு மெழுகக்காவும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என் மனைவியின் எண்ணை எழுதினேன். டிரைவரைச் சீவி, அந்தக் கண்ணாடியில் ஏந்தினேன். மேலே டான்சிலையும் வைத்தேன், அந்த ஒழுங்கை மட்டும் மீறவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போல. அவளுடைய இரண்டு கண்ணாடிகளையும் உடைத்து, கண்ணாடித் துண்டு போடும் டப்பாவில் போட்டேன். கை கழுவிவிட்டு நானும் சாப்பிடப் போனேன். சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

கண்ணாடியைப் படிக்கும் டாக்டரம்மா என் கையிலிருந்து வருவதைச் சந்தேகப்படுவதில்லை. அதை நம்பிக்கை என்பார்கள். உண்மையில் அது பழக்கம். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"இங்க பாருங்க சார். எவ்வளவு அழகா வந்திருக்கு. வீட்டம்மாவுக்கு மருந்து கேக்கும் சார்."

நான் குனிந்து பார்த்தேன். டிரைவர் எப்போதும்போல ஜொலித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் பையைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் இரண்டு தையல் ஊசிப் பாக்கெட்டும், மெஷினுக்குப் போடும் எண்ணெய் டப்பாவும் இருந்தன. பழுப்பு வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்சேஞ்சில் மறுமுனை எடுக்குமா என்று காத்திருக்கும்போது அவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாளாம்.

"நீங்களே பாத்தீங்களா?"

"நானேதான் பாத்தேன்."

"அப்ப சரி."

அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் என்று வைத்துக்கொண்டேன். பையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். தங்கைக்குப் போன் செய்து, "ட்ரீட்மென்ட் முடியட்டும்டி, வர்றேன்" என்றாள். மறுமுனையில் அழுகை கேட்டது. நல்ல செய்திக்கு ஏன் அழுகிறாள் என்று நான் கேட்டேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மருந்து ஏற ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நாட்கள் நன்றாக இருந்தன, அதையும் நான் சொல்லியாக வேண்டும். மாலையில் நான் வருவதற்குள் அவள் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருப்பாள். அன்றைய கதையைச் சொல்வேன். டிரைவர் கதையை மட்டும் சொன்னதில்லை. தெருவில் போகிறவர்களின் குரலைக் கேட்டே, "இந்த ஆளு டிரங்க் கால்ல கத்துவாரு, எனக்குத் தெரியும்" என்று அடையாளம் சொல்லுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதுமா என்று நான் கேட்கவில்லை.

பிறகு தோலில் செம்புள்ளிகள் வந்தன. அதன்பின் கண் இமை தானாக இறங்க ஆரம்பித்தது. தூக்கம் வருகிறது என்றாள். காலையிலும் இறங்கியது. மருந்து டாக்டர் விரலால் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தார்.

"மருந்து கொஞ்சம் உடம்பையே தொடுது போல. நிறுத்திடலாமான்னு யோசிக்கறேன். ஆனா சோதனையில அவ்வளவு பழுப்பு வந்திருக்கும்போது நிறுத்தவும் மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க? நீங்களே பாத்தவரு."

இந்த இடத்தில் நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தால் நல்லது. முதலில் செய்ததைப் பாசம் என்று யாராவது சொல்லக்கூடும். ஒரு கிழவன் கண்மண் தெரியாமல் செய்துவிட்டான் என்று மன்னிக்கவும் ஆள் கிடைக்கும். இரண்டாவது அப்படி இல்லை. அந்த வராந்தாவில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மருந்து நின்றிருக்கும். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள், மாடி ஜன்னலைத் திறந்திருப்பாள், தண்ணீரைப் பார்த்திருப்பாள். அந்த வாக்கியம் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. நான் யோசித்தேன். பையைத் திரும்ப அடுக்குவாள் என்று யோசித்தேன். பால்கனியில் நானே நாற்காலி போட வேண்டும், அதுவும் ஒன்றுதான் போட வேண்டும் என்று யோசித்தேன்.

"தொடருங்க டாக்டர்" என்றேன்.

என் முகம் அசையவில்லை.

அடுத்த முறை மருந்து ஏறிய பிறகு அது இதயத்துக்குப் போயிற்று. அவிழ்த்துவிட்ட காவல்காரர்கள் வேஷக்காரனைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, வீட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். மருந்தை நிறுத்தினார்கள். காவல்காரர்களை அடக்க வேறு மருந்தைக் கொட்டினார்கள். கேட்கவில்லை. அவளைத் தீவிர சிகிச்சைக் கண்ணாடி அறைக்கு மாற்றினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இமையைத் தூக்க முடியாததால் நான் விரலால் தூக்கிப் பிடித்தேன். அப்படித்தான் அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லவா?"

"பேசாத. மூச்சு வாங்குது."

"உங்களுக்கு நிஜம் சொல்லும்போது உதடு துடிக்கும். தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது.

"கதை விடும்போதுதான் மூஞ்சி கல்லு மாதிரி இருக்கும். அன்னிக்குப் பழுப்பு வந்துச்சுன்னு சொன்னீங்களே. கல்லு மாதிரி இருந்துச்சு."

இமையைப் பிடித்திருந்த விரல் வலித்தது.

"தெரிஞ்சும் ஏன் ஊசி போட்டுக்கிட்ட?"

"நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கேஸ் அடுப்ப மூடத் தெரியாது உங்களுக்கு" என்றாள். பிறகு, "சரி, விரல எடுங்க, கூசுது" என்றாள்.

எடுத்தேன். இமை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

தங்கை வந்தாள். வாசலில் நின்றபடியே, "மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருந்தேன் அத்தான்" என்றாள். "சோதனையில பழுப்பு வந்துச்சும்மா, அதனாலதான்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்ன கதைகளில் இதைப்போல எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட கதை வேறில்லை.

மறுபடி வேலைக்குப் போனேன். இன்றுவரை போகிறேன். யார் யாருடைய சீவல்களோ என் கையில் விரிகின்றன. பழுப்பாக வருகிறவர்களும் உண்டு. மருந்து கேட்டு, உடம்பு தேறி, ஆறு மாதம் கழித்துப் பழக்கூடையோடு ஆய்வக வாசலில் வந்து நிற்பார்கள். மெழுகக்கா என்னைக் கூப்பிடுவாள்: "சார், வந்து பாருங்க, நம்ம வெட்டினவரு நடந்து வந்திருக்காரு." நான் போய்ப் பார்ப்பேன். கை குலுக்குவார்கள். அவர்கள் கையில் சூடு இருக்கும். நான் உள்ளே வந்து அடுத்த கட்டியை மாட்டிக்கொள்வேன். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. இதை இரண்டு முறை சொல்ல வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஆகவே முழுசாக ஒத்துக்கொள்கிறேன். என் மனைவியின் நுரையீரல் சீவலை ஒளித்து, இறந்துபோன ஒரு டிரைவரின் சீவலை அந்த இடத்தில் வைத்தது நான். அவளுக்கு உதவாது என்று தெரிந்த மருந்தை ஏற்ற வைத்தது நான். நிறுத்தச் சந்தர்ப்பம் வந்தபோது தொடரச் சொன்னது நான். அவள் தானாகச் சாகவில்லை. நோய் அவளைக் கொல்லவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஆள் நான் இல்லை. கையால் செய்தேன், தெரிந்து செய்தேன், அவளுக்கு நடந்ததெல்லாம் நான் செய்ததால் நடந்தது. அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். மேல் முறையீடு செய்ய மாட்டேன். டாக்டரம்மா வந்து என் தோளில் கை வைத்து, "வீட்டுக்குப் போங்க சார், கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்க" என்று உங்கள் கண் முன்னாலேயே சொன்னார். அதை நீங்கள் கணக்கில் எடுக்கக் கூடாது. மெழுகக்கா வெளியே அழுதுகொண்டிருப்பதையும் எடுக்கக் கூடாது. அவர்கள் என்மேல் உள்ள பிரியத்தால் எதையும் மறுப்பார்கள்.

அவள் இருந்த காலத்தில் இந்தச் சோதனை இங்கே இருந்ததா என்று நீங்கள் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் கை காட்டி நிறுத்தினேன். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆன்டிபாடியின் முதல் குப்பி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.